வீட்டைச் சுற்றும் புறாக்கள்: விரட்டும் வழியும் அதன் எல்லையும்

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஜகாத், வாரிசுரிமை, தலாக் என்றுதான் இருக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு சகோதரர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. “ஹஜ்ரத், மாடியில புறாத் தொல்லை தாங்க முடியல. அம்மாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. விரட்டலாம்னா, அது பரக்கத்தான பறவை, கை வைக்காதேன்னு அம்மாவே தடுக்கிறாங்க.”

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் நாலு குச்சிகளை வைத்து ஒரு கூடு, அதில் இரண்டு முட்டைகள். கீழே சன்ஷேடு முழுக்க எச்சம். அதற்கு நேர் எதிரேதான் தாயார் படுக்கும் அறையின் ஜன்னல். இந்த நிலையில் பல வீடுகள் இருப்பதால் விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் வீடுகளில் தங்கும் சாம்பல் நிற மாடப்புறா, அடிப்படையில் பாறை இடுக்கில் வாழும் பறவை. மரக்கிளையில் அது கூடு கட்டுவது அரிது. சன்ஷேடு, லாஃப்ட், மினாராவின் மாடம், தண்ணீர் டேங்கின் அடிப்பகுதி எல்லாமே அதன் கண்ணுக்குப் பாறை விளிம்புதான். 2019ல் மாவட்டத் தலைநகரான பிறகு கள்ளக்குறிச்சியில் எத்தனை மாடிக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உணவுக்கும் பஞ்சமில்லை. அரிசி ஆலைகள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், சின்னசேலம் பக்கம் சாலையிலேயே காயவைக்கப்படும் மக்காச்சோளம் என்று எங்கும் தானியம் சிந்திக் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் இரை கிடைத்தால் புறா ஆண்டு முழுவதும் முட்டையிடும்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறோம். கல்வராயன் மலைப்பக்கம் வீடோ நிலமோ உள்ளவர்கள், புறா என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். கழுத்தில் புள்ளி போட்ட புள்ளிப்புறா, பச்சைப்புறா, தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறா ஆகியவை காட்டுப் பறவைகள். அவற்றால் வீட்டுக்குத் தொல்லையும் இல்லை. அவற்றை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பரக்கத் என்ற எண்ணம்

இந்த எண்ணம் இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒன்று, ஸவ்ர் குகை வாசலில் புறா கூடு கட்டியதாகச் சொல்லப்படும் செய்தி. மேடைகளில் அதிகம் கேட்டிருப்போம். ஆனால் ஹதீஸ்கலை அறிஞர்கள் பலர் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றே சொல்லியிருக்கிறார்கள். மற்றொன்று, மக்காவின் ஹரம் புறாக்கள். ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணிகளைக் கொல்வதும் விரட்டுவதும் கூடாது; அங்கே ஒரு புறாவைக் கொன்றால் ஓர் ஆட்டைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்று சஹாபாக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். உம்ரா சென்று வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டம் அந்த நிலத்தின் கண்ணியத்துக்கு உரியது. அந்தப் பறவை எங்கிருந்தாலும் அதே சட்டம் என்பதில்லை. நம் ஊரில் புறாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதில் குற்றமில்லை. எப்படி அப்புறப்படுத்துகிறோம் என்பதில்தான் கேள்வி கேட்கப்படுவோம்.

விஷம் வைப்பதும், பசை தடவி ஒட்டவைப்பதும், ஏர்கன்னால் குறி பார்த்துச் சுடுவதும் கூடாதவை. உயிருள்ள பறவையைக் கட்டிவைத்துக் குறி பார்த்தவர்களைக் கண்டு இப்னு உமர் (ரலி) அவர்கள், அப்படிச் செய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். நாட்டுச் சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். பிடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தாயாரின் இருமல் பற்றி

காய்ந்த புறா எச்சம் தூளாகிக் காற்றில் கலக்கும்போதுதான் ஆபத்து. அந்தத் தூளையும் இறகுத் துகளையும் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். ஆரம்பத்தில் வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல். சளிதான் என்று இருமல் மருந்து வாங்கிக் குடித்துக் காலம் கடத்தினால் நுரையீரல் தழும்பேறி, பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூளை உறை வரை பாதிக்கக்கூடியது. எனவே நாள்பட்ட இருமலுக்கு மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் புறா அடைகிறது என்பதை அவசியம் சொல்லுங்கள். கேட்கப்படாவிட்டாலும் நாமாகவே சொல்ல வேண்டும்.

இரை போடுபவர் யார்?

அந்தச் சகோதரர் வீட்டில் புறா வரக் காரணம் அவர் வீடல்ல. இரண்டு வீடு தள்ளி, ஒரு பெரியவர் தினமும் பஜ்ருக்குப் பிறகு மொட்டைமாடியில் அரிசி இறைக்கிறார். மறைந்த மனைவிக்காகச் செய்கிற ஸதகா அது. அதை எப்படி நிறுத்தச் சொல்வது? பறவை உண்பதும் ஸதகாதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்டை வீட்டாருக்கு இடர் தரக்கூடாது என்பதும் அதே மார்க்கம் சொன்னதுதான். நாம் அவரிடம் நேரில் பேசினோம். வீட்டு மாடிக்குப் பதிலாக, ஊருக்கு வெளியே உள்ள தம் கொல்லையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கும், அரிசிக் காசை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதற்கும் இசைந்தார். ஒரே நாளில் அல்ல. மூன்று முறை போக வேண்டியிருந்தது.

இது நம் தெருப் பிரச்சினை மட்டுமல்ல. மும்பையில் புறாக்களுக்கு இரை போடுவதற்கென்றே இருந்த கபூதர்கானாக்களை 2025ல் மாநகராட்சி மூடியது. இரையிடுவதை அறமாகக் கருதும் மக்கள் தாதரில் வீதிக்கு வந்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் மக்கள் நலனையே முன்வைத்தது. சிங்கப்பூரில் புறாவுக்கு இரை போட்டால் முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பது நல்லது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் புறாக்களைக் கொன்று பார்த்தார்கள், எண்ணிக்கை குறையவில்லை. இரை போடுவதைக் குறைக்கும்படி மக்களிடம் எடுத்துச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரை இருக்கும் வரை கொன்ற இடத்தை வேறு புறா நிரப்பிவிடும்.

“பிடித்துக் கல்வராயன் மலையில் விட்டுவிடலாமே” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிமலையில் விட்டுவிட்டு நாம் காரில் வீடு வந்து சேர்வதற்குள் அது வந்து உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இடம் கண்டு திரும்புவதில் அதற்கு இணையில்லை. ஒடிசா காவல்துறை 1946 முதல் புறா அஞ்சல் நடத்தியது. 1948ல் சம்பல்பூரிலிருந்து நேரு அனுப்பிய செய்தியை, 200 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து கட்டாக்கில் சேர்த்ததும் ஒரு புறாதான்.

கூடு இருந்தால் பொறுங்கள்

இங்கே நம் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பள்ளிவாசலில், மினாராவின் மாடத்தைச் சிமெண்ட் பூசி அடைக்கச் சொன்னோம். அஸருக்குள் வேலை முடிந்தது. மறுநாள் முழுக்க ஒரு புறா அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து மோதிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சுபுஹில் மோதினார்தான் உள்ளே சத்தம் கேட்கிறது என்றார். உடைத்துப் பார்த்தால் இரண்டு குஞ்சுகள். ஒன்று இறந்துவிட்டிருந்தது. ஒரு பயணத்தில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன ஹதீஸை அபூதாவூதில் ஓதிக்கொடுத்தவர்கள்தான் நாம். அன்றைக்கு மாடத்துக்குள் கைவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆகவே அடைக்குமுன் பாருங்கள். வெறும் குச்சிகள் மட்டும் இருந்தால் உடனே எடுத்துவிடலாம். தினமும் எடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இடத்தை மாற்றிக்கொள்ளும். முட்டை இட்டுவிட்டால் பொரிக்க 18 நாள் அளவில் ஆகும், குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய ஒரு மாதம். மொத்தம் ஏழு வாரம். அதுவரை அந்த ஒரு கூட்டை விட்டுவிட்டு மற்ற இடுக்குகளை அடைத்து வையுங்கள். குஞ்சுகள் பறந்ததும் தாமதிக்காமல் சுத்தம் செய்து மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஜோடி முட்டை வந்துவிடும்.

நிலையாகப் பலன் தருவது வலைதான். புறாவுக்கு இரண்டு அங்குலக் கண் போதும். வெயில் தாங்கும் நைலான் வலையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய மீன்வலை மலிவு என்று கட்டினால் அடுத்த கோடையில் இற்றுப்போகும். வலையைத் தொய்வில்லாமல் இழுத்துச் சுற்றிலும் கம்பியில் கட்ட வேண்டும். தொய்வான வலையில் பறவை சிக்கிச் சாகும். கட்டும்போது உள்ளே பறவை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சன்ஷேடு போன்ற குறுகிய விளிம்புகளுக்கு முள்கம்பிப் பட்டையோ, நாற்பத்தைந்து பாகைக்குக் குறையாத சரிவாகச் சாய்த்து வைத்த தகரமோ போதும். பழைய சிடி, பிளாஸ்டிக் ஆந்தை, மிளகாய்த்தூள் இவையெல்லாம் ஒரு வாரக் கதை. நாப்தலின் உருண்டையை மாடியெங்கும் போடுவது குழந்தைகளுக்கு ஆபத்து.

சுத்தம் செய்வதும் தொழுகையும்

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு சுரண்டி, பையில் கட்டிப் போடுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவலாம். அதோடு ஆசிட் சேர்த்துவிடக் கூடாது. எழும் புகை நெஞ்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டாம்.

எச்சம் பட்ட துணியில் தொழலாமா? ஹனஃபி மத்ஹபில் புறா, சிட்டுக்குருவியின் எச்சம் நஜீஸ் அல்ல. கோழி, வாத்தின் எச்சம் நஜீஸ். ஷாஃபி மத்ஹபில் எல்லாப் பறவையின் எச்சமும் நஜீஸ்தான். எனினும் பள்ளிவாசல் தரை போன்ற இடங்களில் தவிர்க்க முடியாத அளவு பரவியிருந்தால், ஈரமில்லாத நிலையில், வேண்டுமென்றே மிதிக்காமல் தொழுதால் மன்னிக்கப்படும். நம் மாவட்டத்தில் ஹனஃபிகளே அதிகம். கடலோர ஊர்களிலிருந்து சம்பந்தம் செய்தவர்கள் வீட்டில் இந்த வேறுபாட்டால் பேச்சு வருவதுண்டு. இருவர் சொல்வதும் அவரவர் மத்ஹபில் சரியே.

டேங்க் விஷயம் தனி. மூடியில்லாத டேங்கில் புறா விழுந்து செத்துவிட்டால், வீட்டு டேங்க் அளவுத் தண்ணீர் ஹனஃபி மத்ஹபில் நஜீஸாகிவிடும். ஷாஃபியில் ஏறத்தாழ 200 லிட்டருக்கு மேல் இருந்து நிறம், மணம், சுவை மாறாதிருந்தால் ஆகாது. ஆனால் குடிநீர் என்று பார்த்தால் இரு மத்ஹபினரும் அதைக் கொட்டிவிட்டு டேங்கைக் கழுவுவதே நல்லது.

அந்தச் சகோதரர் வீட்டில் தாயாரை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றிவிட்டு ஏழு வாரம் காத்திருந்தார்கள். நாள் எண்ணிக்கொண்டிருந்தது தாயார்தான். குஞ்சுகள் பறந்த மறுநாள் வலை கட்டினார்கள். ஜோடிப் புறாக்கள் இரண்டு வாரம்போல வந்து வலைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டன. இருமலுக்கு மருத்துவம் நடந்துகொண்டிருக்கிறது.