சிகரம் தொடாத எண்மர்

காரகோரம் மலைத்தொடரில் 8,611 மீட்டர் உயர்ந்து நிற்கும் கே-2, உலகின் இரண்டாவது உயரமான சிகரமாகும். 1953-இல் அதன் உச்சியை நாடிச் சென்ற எண்மர் குழுவுக்குச் சார்லஸ் ஹூஸ்டன் என்னும் மருத்துவர் தலைமை தாங்கினார். அவரும் ராபர்ட் பேட்ஸும் 1938-லேயே அம்மலையில் ஏற முயன்று திரும்பிய நண்பர்கள். ஏறும் திறமையோடு ஒத்துவாழும் பண்பையும் நோக்கியே பிறரைத் தேர்ந்தனர்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் எண்மரும் ஏறத்தாழ 7,700 மீட்டர் உயரத்தில் எட்டாம் முகாமில் கூடினர். பனிப்புயல் அவர்களை நாள்கணக்கில் சிறைவைத்தது. 7-ஆம் நாள் ஆர்ட் கில்கி என்னும் நிலவியலாளர் நிலைகுலைந்து வீழ்ந்தார். காலில் உறைந்த குருதி பின்னர் நுரையீரலையும் எட்டியது. நடக்க இயலாதவரை அச்செங்குத்துச் சரிவில் இறக்குவது ஏறக்குறைய முடியாத செயல் என அனைவரும் அறிந்திருந்தனர். ஆயினும் அவரை விட்டிறங்க ஒருவரும் இசையவில்லை.

10-ஆம் நாள், உறங்குபையிலும் கூடாரத் துணியிலும் அவரைப் பொதிந்து கயிற்றால் இறக்கினர். ஜார்ஜ் பெல் கால் வழுக்கினார். கயிறுகள் சிக்கி ஐவர் சரிந்தனர். பாறையின்பின் ஊன்றிய பனிக்கோடரியில் கில்கியின் கயிற்றைத் தாங்கியிருந்த பீட் ஷோனிங், அத்தனை பேரையும் தனியொருவராய் நிறுத்தினார். காயமுற்றோர்க்குக் கூடாரம் அமைக்கும்வரை கில்கியைச் சரிவிலேயே கட்டிவைத்தனர். திரும்பி வந்தபோது அவர் அங்கில்லை. பனிச்சரிவு கொண்டுசென்றதா, தோழரைக் காக்கத் தாமே கட்டவிழ்த்தாரா என்பது இன்றும் தீராத வினா.

எழுவர் உயிரோடு இறங்கினர். அடிவாரத்தில் அவர்கள் எழுப்பிய கற்குவியல், அம்மலையில் மாண்டோர் அனைவருக்கும் நினைவிடமாயிற்று. 1954 ஜூலை 31-இல் இத்தாலியர் இருவர் உச்சியை அடைந்தனர். எனினும் கே-2-இன் வரலாற்றை எழுதுவோர், உச்சி தொடாத இவ்வெண்மரைத் தவிர்த்து எழுதுவதில்லை.