நீர் நின்ற பாலை
பாலாற்றங்கரைப் பாழ்வீடு ஒன்றின் வரலாறு

வீடு பாழ்படுவதற்குத் தமிழ்ப் புலவர்கள் அறிந்த காரணங்கள் சிலவே. பகைவர் எரியூட்டினர், மழை பொய்த்தது, பொருள்தேடிப் பிரிந்தவர் மீளவில்லை, குடி வழியற்றது. புல் முளைத்த முற்றமும் இடிந்த திண்ணையும் நம் இலக்கியத்தில் தோன்றுமிடமெல்லாம் இவற்றுள் ஒன்று பின்னணியாக நிற்கும். வேலூர் தொடங்கி வாணியம்பாடி வரை பாலாற்றின் இருமருங்கும் கதவடைத்துக் கிடக்கும் கழனி வீடுகள் பலவற்றிற்கு இக்காரணங்கள் மட்டும் பொருந்தி வருவதில்லை. அங்கே கிணறு வற்றவில்லை. கிணற்றில் நீர் உண்டு. அந்த நீர்தான் குடியைக் கிளப்பியது. இச்செய்தியை வரலாற்று நிலையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கவிஞர்கள் மிகுந்த அவைக்கு இப்பொருளைக் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. பாலாற்றைப் பாடாத கவிஞர் நம்மிடையே அரியர். ஆனால், அவ்வாற்றங்கரை வீட்டைப் பாடுவதற்குரிய சொற்கள் நம் கண்முன்னே மறைந்து வருகின்றன.

ஆறும் நாடும்

பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தில் சிறிது தொலைவு ஓடி, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் நடந்து வயலூர் அருகே கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே காட்சி தரும். நீர் மணலின் கீழே ஓடும். அம்மணலைத் தோண்டி, ஊறும் நீரைக் கால்வழியே கழனிக்குக் கொண்டுசென்ற முறையை இப்பகுதி மக்கள் ஊற்றுக்கால் என்றனர். ஊற்றுக்கால் எட்டாத இடங்களில் கிணறுகள் இருந்தன. மேலே வறண்டு தோன்றும் ஆறு, அடியில் இருகரைக் கிணறுகளையும் ஊட்டி வந்தது. இந்த அமைப்பை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நேர்ந்ததை உணரமுடியும். மணலின் மேல் ஊற்றியது எதுவாயினும் கிணற்றைச் சென்றடையும்.

கால்நடைச் செல்வமும் இந்நாட்டிற்குப் பழமையானது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் ஆம்பூரில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆநிரை காக்கப் போரிட்டு வீழ்ந்த வீரர்க்கு ஒன்பதாம் நூற்றாண்டில் நட்ட கற்கள் அவை. ஒரு தொழுவத்து மாடுகளுக்காக உயிர்விட்டவனின் பெயரை எழுத்திற் பொறித்து வைத்த நாடு இது.

ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின. வடஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வேலூர் மாவட்டம் என்ற பெயரும் நிலைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் அது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தன. ஆயினும், தோலும் ஆறும் இவற்றை ஒரே நாடாகவே பிணைத்து வைத்துள்ளன.

கழனி வீடு

வட்டாரச் சொற்களைத் திரட்டும் பணிக்காக மாணவியர் சிலரோடு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைப்பட்ட ஆற்றோர ஊர் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கவலைக் கிணற்றின் உறுப்புகளுக்குரிய பெயர்களைக் கேட்டபோது, ஊரார் எங்களைக் கழனி நடுவிலிருந்த வீடொன்றைக் காணுமாறு அனுப்பினர்.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு. கூரையின் ஒருபுறம் உள்வாங்கியிருந்தது. திண்ணையில் எருக்கு முளைத்திருந்தது. மாட்டுக் கொட்டகையின் கல்தூண்கள் மட்டும் நின்றன. உள்ளே நெல் கொட்டி வைக்கும் தொம்பை சரிந்து கிடந்தது. மாடக்குழியில் விளக்குப் புகையின் கறை அழியவில்லை. கதவின் உட்புறம் சுண்ணாம்பால் இட்ட கோடுகள் ஐந்தைந்தாக இருந்தன. நெல் மூட்டைக் கணக்கோ பால் கணக்கோ, அறிந்து சொல்வாரில்லை.

சுவர்தான் எங்களை நெடுநேரம் நிற்கவைத்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு உதிர்ந்து, செங்கல் பொடிப்பொடியாக அரிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே சுவர் நன்றாகவே இருந்தது. மழையால் இடியும் சுவர் மேலிருந்து கரையும். இது கீழிருந்து கரைந்திருந்தது. மண்ணில் உள்ள உப்புநீரைச் செங்கல் உறிஞ்சி மேலேற்றுகிறது. நீர் உலர்ந்ததும் உப்பு படிகமாகி விரிந்து, செங்கலை உள்ளிருந்தே உடைக்கிறது. வீட்டைச் சுற்றிய நிலமும் வெள்ளை பூத்துக் கிடந்தது. தென்னைகளில் சில மொட்டையாக நின்றன.

அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரிடம், "மழையில்லாமல் விட்டுப் போனார்களா, ஆயா?" என்று கேட்டேன். "தண்ணி இல்லாம போவலம்மா. தண்ணி கீது, எட்டிப் பாரு. வாயில ஊத்த முடியல. மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்" என்றார். முதலில் பருப்பு வேகாமற் போனதாம். பிறகு கரும்பு கைவிட்டதாம். அதன்பின் அவ்வீட்டிற்குப் பெண் கொடுக்க அயலூரார் தயங்கினராம். வீட்டார் ஊருக்குள் குடிபெயர்ந்தனர். அக்குடும்பத்துப் பேத்தி இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள் என்றும் அவர் சொன்னார். இழப்பும் பிழைப்பும் ஒரே தொழிலிலிருந்து வருகின்ற இந்நிலையை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது.

தோல் நீரிறைத்த காலம்

வீட்டின் பின்புறம் கிணறு. இருபுறமும் கல்தூண்கள், அவற்றின் மேல் உருளை பொருத்திய மரம், மாடுகள் முன்னும் பின்னும் நடந்த சரிவுப்பாதை ஆகியன இன்றும் அடையாளம் தெரிகின்றன. நீரிறைக்கும் இவ்வமைப்பைப் பிற பகுதியார் கமலை என்பர். இங்குக் கவலை என்பதே வழக்கு. சாலின் அடியில் தும்பிக்கை போலத் தொங்கும் தோற்குழாய் வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். தோல் இல்லையேல் கிணற்று நீர் கழனிக்கு ஏறாது என்ற காலம் ஒன்று இருந்தது. அத்தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். வாரக்கணக்கில் நடைபெறும் பணி அது.

குரோம் உப்பால் தோல் பதனிடும் முறை சென்னைக்கு வந்த வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். பட்டையில் பதனிட்ட தோல் நீரில் ஊறி விரைவில் கெடும். குரோம் தோல் ஈரத்தைத் தாங்கும். ஆகவே கவலைச் சாலுக்கு அது ஏற்றதெனக் கருதப்பட்டது. உழவனின் கிணற்றிலிருந்து நீரை எளிதாக இறைக்க உதவும் பொருளாகவே இம்மண்ணில் குரோம் தோல் அறிமுகமாயிற்று. அதே 1903ஆம் ஆண்டு நவம்பரில்தான் பாலாற்றுப் பெருவெள்ளம் வாணியம்பாடியை அழித்தது. அன்று அவ்வூர் மக்கள் அஞ்சியது ஆற்றின் மிகுதியை. ஆற்றின் தன்மையே மாறக்கூடும் என்பதை எவரும் எண்ணியிருக்க முடியாது.

கவலை ஓய்ந்ததற்குத் தோல் தொழில் காரணமன்று. மின்சாரமும் பம்புசெட்டும் வந்தபின் மாடு நடந்த சரிவுகள் தாமே புல் மூடின. அவற்றோடு சால்களை எண்ணிப் பாடிய பாட்டுகளும் ஓய்ந்தன.

உப்பு வந்த வழி

நெடுங்காலம் இப்பகுதியிலிருந்து பட்டையில் பாதி பதனிட்ட தோலே கடல்கடந்து சென்றது. 1970களின் தொடக்கத்தில் நடுவண் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு விதித்தது. முழுமையாக்கிய தோலும் காலணியும் செய்து அனுப்பினால் நாட்டிற்கு வருவாய் பெருகும் என்பது கொள்கை. வருவாய் பெருகியது உண்மை. பல்லாயிரவர்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, வேலை கிடைத்ததும் உண்மை. வாரக்கணக்கான பட்டைமுறையின் இடத்தைச் சில நாளில் முடியும் குரோம் முறை பெரிதும் கைப்பற்றியது.

குரோமியத்தை மட்டும் குற்றஞ்சொல்வது முழு உண்மையாகாது. நிலத்தை முதலில் கெடுத்தது நாம் நாள்தோறும் உண்ணும் உப்புதான். உரித்த தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு உப்பிட்டுக் கொண்டுவருவர். தோல் ஷாப்பில் முதல் வேலையே அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவதாகும். பின்னர் சுண்ணாம்பும் சல்பைடும் வந்து சேரும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதை உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்துள்ளது. அந்நீர் கால்வாயிலும் ஏரியிலும் ஆற்று மணலிலும் விடப்பட்டது. மணல் அதனைக் கிணற்றுக்குக் கொடுத்தது.

மேல்மடையில் நீர் தேக்கப்பட்டதும், கரையெங்கும் மணல் அள்ளப்பட்டதும் இதனோடு சேர்ந்தன. மழைவெள்ளம் புரண்டோடி மண்ணைக் கழுவும் ஆண்டுகள் குறைந்தன. ஆதலின் கலந்த உப்பு கலந்தபடியே நின்றது.

ஈண்டு ஓர் ஒப்பீடு செய்யலாம். தோலில் தங்கும் பென்டாகுளோரோபீனால் உடலுக்குக் கேடு எனக் கண்டு செருமனி 1989இல் அதனைத் தடைசெய்தது. 1990களின் நடுவில் சிலவகைச் சாயங்களையும் விலக்கியது. விற்பனை நின்றுபோகும் என்பதால் நம் தோல் தொழில் அவற்றை விரைந்து கைவிட்டது. காலணி அணிபவரின் தோலைக் காக்கச் சில ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. கிணற்றுக்கு அந்த விரைவு கிட்டவில்லை.

வழக்கும் கணக்கும்

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. கேடு விளையுமுன் காத்தல் வேண்டும், கெடுத்தவரே ஈடு செலுத்துதல் வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு அறிவித்தது. இந்தியச் சூழல் சட்டம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் இன்று வேலூரின் பெயரைப் படிக்கின்றனர். தமிழகத்தின் தோல் தொழிற் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001ஆம் ஆண்டு மார்ச்சில் தன் கணக்கை வெளியிட்டது. வேலூர் மாவட்டத்தில் 29,193 குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. 547 தோல் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்பது அக்கணக்கு. வகுத்துப் பார்த்தால், 1998 இறுதி வரையான இழப்புக்கு ஒரு குடும்பத்தின் பங்கு சராசரியாகப் பத்தாயிரம் ரூபாயை எட்டவில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் இவ்வழக்கை முடித்துரைத்தபோதும், ஈடு பெறாதார்க்கு ஆறு வாரத்துள் அரசு வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியவரிடம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், கண்காணிக்க ஒரு குழு அமைத்தல் வேண்டும் என்றும் ஆணையிட நேர்ந்தது. முதல் வழக்கிற்கும் இவ்வாணைக்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. கழனி வீட்டின் கூரை அவ்வளவு காலம் பொறுத்திருக்கவில்லை.

இடையே ஒன்றும் நடவாமல் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன; கழிவுநீரை வெளிவிடாமல் மீளப் பயன்படுத்தும் முறையும் கட்டாயமாயிற்று. அச்சுத்திகரிப்பும் உயிர்ப்பலி கேட்டது. 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப்பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழனி வீட்டார் மட்டுமே இவ்வரலாற்றில் இழந்தவர் அல்லர் என்பதற்கு இதுவும் சான்று.

நிறைவாக

தொல்காப்பியம் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தபோது பாலை தோன்றும் எனச் சிலப்பதிகாரம் விளக்கம் தந்தது. மருதம் திரிந்தால் என்னாகும் என்று எவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை; நீருள்ள நிலம் பாலையாகும் என்பது முன்னோர் பட்டறிவில் இல்லாத ஒன்று. அவ்வாறு திரிந்த மருதத்தைத்தான் நாம் கழனி வீட்டின் வாசலில் கண்டோம். அதற்குரிய பெயரும் பாடுபொருளும் நம் தலைமுறை தேடவேண்டியவை.

நீதிமன்றம் ஹெக்டேரை எண்ணியது. ஆணையம் குடும்பங்களை எண்ணியது. அவை தேவையான கணக்குகள். ஊற்றுக்கால், கவலை, சால், தொம்பை, சால் எண்ணிய பாட்டு ஆகியவற்றை எந்த ஆணையமும் இழப்பில் சேர்க்கவில்லை. சேர்ப்பது அவற்றின் பணியும் அன்று. அது நம் பணி. இவ்வட்டத்துக் கவிஞர்கள் ஆளுக்கொரு பாழ்வீட்டைத் தேடிச் செல்லல் வேண்டும். அங்கே வாழ்ந்து பெயர்ந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் சொற்களையும் வீட்டின் கதையையும் எழுதிவைத்தல் வேண்டும். ஆநிரை காத்து வீழ்ந்தவன் பெயரை ஆம்பூர்க் கல் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கி நிற்கிறது. கிணற்றை இழந்து பெயர்ந்த குடிக்கு நாம் நடவேண்டிய கல், எழுத்தாகவேனும் இருக்கட்டும்.