அகழியில் பூத்த மலர்கள்



பகைவர் உள்ளே வராதபடி கோட்டை மதிலைச் சுற்றி வெட்டி, நீர் நிரப்பிய பெரும் பள்ளத்தையே அகழி என்கிறோம். அத்தகைய அகழி ஒன்று பூந்தோட்டமான வரலாற்றை இன்று காண்போம்.

லண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றங்கரையில், டவர் ஆப் லண்டன் என்னும் பழங்கோட்டை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள அகழியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் எட்வர்ட் மன்னர் வெட்டுவித்தார். ஆற்று நீர் அதிலே பாய்ந்தது. ஆனால் காலப்போக்கில் சேறும் கழிவும் சேர்ந்து நீர் நாறியது. காவல் வீரர்களை நோய் வாட்டியது. கோட்டையின் தலைமைப் பொறுப்பில் இருந்த வெலிங்டன் பிரபு, 1843இல் நீரை வடித்துவிடச் சொன்னார். அதன்பின் அகழி வெறும் புல்தரையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாடு வரவே, அங்கே காய்கறி பயிரிட்டார்கள்.

2014இல், முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரிட்டிஷ் படையினருக்காக, ஆளுக்கு ஒன்றாக 8,88,246 பீங்கான் மலர்களை அதே அகழியில் நட்டார்கள். 2022இல் எலிசபெத் அரசியார் ஆட்சிக்கு வந்து எழுபது ஆண்டுகள் நிறைவுற்றன. அதை ஒட்டி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட விதைகளை விதைத்தார்கள். ஒன்று வாடும்போது மற்றொன்று மலரும்படி விதைகளைக் கலந்திருந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிறம் மாறி மாறிப் பூத்தது. தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தேடி வந்தன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பழைய அகழியை மீட்பதென்றால் பழையபடி நீரையல்லவா நிரப்ப வேண்டும்? மதிலும் பள்ளமும் அப்படியே இருக்கின்றன; பார்ப்பவர்க்கு அது அகழி என்று தெரிகிறது. நோய் தந்த நீரைத் திரும்பக் கொண்டுவராமல், உயிர்களை மட்டும் கொண்டுவந்தார்கள். பழமையைக் காப்பது என்றால் பழைய தீமையையும் சேர்த்துக் காப்பதன்று.

காட்டுப்பூ என்றாலே களை என்று நினைத்து, மருந்து அடித்து அழிப்பது நமக்குப் பழகிவிட்டது. பயிரை நெருக்கும் களையை நீக்கத்தான் வேண்டும். ஆனால் சரிவான நிலத்தை வெறுமையாக விட்டால் மழை மண்ணை அரித்துவிடும் என்பதற்காக, ரப்பர் தோட்டங்களிலேயே மூடுபயிர் விதைப்பதை நீங்கள் அறிவீர்கள். லயத்துக்குப் பின்னாலோ, கோயில் ஓரத்திலோ சும்மா கிடக்கும் நிலத்தில் பூச்செடிகளை வளரவிட்டுப் பாருங்கள். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு அதையும் எழுதட்டும். நம் தோட்டத்து வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?