சுரையாவின் முகத்திரை

நம் இல்லங்களில் பெண்மக்களுக்குச் சுரையா எனப் பெயர் சூட்டுவது நெடுநாளைய வழக்கம். அரபு மொழியில் ‘துரையா’ என ஒலிக்கும் அச்சொல், பாரசீகத்தின் வழியே உருதுக்கும் பின்னர் நம் நாவுக்கும் வந்தபோது ‘சுரையா’ ஆயிற்று. தமிழர் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் வழங்கும் விண்மீன் கூட்டத்தின் பெயரே அது. அப்பெயரைச் சூட்டிய பெற்றோரில் எத்தனை பேர் தம் மகளை அருகழைத்து, “இதோ, உன் பெயருக்குரிய விண்மீன்கள்” என்று வானில் சுட்டிக் காட்டியிருப்பர்? மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வாழ்வோர்க்கு, விரும்பினாலும் இன்று அஃது எளிதன்று. தை மாதத்து முன்னிரவில் மாடியில் நின்று உச்சி வானை நோக்கினால், மங்கலான சில புள்ளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுரையாவுக்கு ஒரு முகத்திரையும் உண்டு. மிக நுண்ணிய தூசியாலான அத்திரை, விண்மீன்களின் ஒளி பட்டு நீல நிறத்தில் மெல்லென மிளிர்கிறது. நெபுலா என வானநூலார் அழைக்கும் விண்முகில்களில் அது ஒரு வகை. வெறுங்கண்ணுக்கு அது புலனாவதில்லை. நல்ல இருள் சூழ்ந்த இடத்திற்குச் சென்று, ஒளிப்படக் கருவியை மணிக்கணக்கில் வான்நோக்கித் திறந்து வைத்தாலன்றி அதன் முழு எழில் வெளிப்படாது. இத்தகைய மங்கிய விண்முகில்களை மனிதன் படம்பிடிக்கக் கற்ற வரலாற்றில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. சென்னை நகருக்கும் பங்குண்டு.

ஸூஃபி கண்ட சிறு முகில்

கி.பி. 903-ஆம் ஆண்டு ஈரானின் ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, இஸ்ஃபஹானில் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்த வானியல் அறிஞர். 964-ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய ‘நிலை விண்மீன்களின் வடிவங்கள்’ என்னும் நூல், தாலமி வகுத்த பட்டியலைத் தம் கண்ணாலேயே சரிபார்த்துத் திருத்தியது. அந்நூலில் ஒரு பெரிய மீனின் உருவத்தை வரைந்து, அதன் வாயருகே ஒரு சிறு முகில் இருப்பதாக அவர் குறித்தார். அதுவே இன்று ஆண்ட்ரோமெடா எனப்படும் அண்டை விண்மீன் மண்டலம். தொலைநோக்கி தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய காலத்தில், அவருக்குத் துணையாக நின்றவை இரண்டே: கூரிய கண், அக்காலத்து இஸ்ஃபஹானின் இருள்.

சுரையாவைத் தொடர்ந்து கிழக்கே எழும் செம்மீனுக்கு ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது, என்று அரபியர் பெயரிட்டனர். நம் நாட்டார் உரோகிணி என்றது அதனையே. ஐரோப்பியர் அவ்வரபுப் பெயரை அல்டெபரான் எனச் சிறிதே திரித்து இன்றளவும் வழங்குகின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர்க்கு இவ்விண்மீன்கள் அன்றாடம் வழிகாட்டிய தோழர்கள்.

இருட்டறை தந்த கருவி

ஸூஃபியின் நூல் தோன்றியதற்கு அடுத்த ஆண்டில், 965-ல், பஸ்ராவில் பிறந்தவர் இப்னுல் ஹைதம். இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியில் உள்ள ஒளியின் உருவம் எதிர்ச்சுவரில் விழும் என்பதைச் சோதனையால் ஆராய்ந்தவர் அவர். கிரகணத்தின் பிறைவடிவம் துளை வழியே எவ்வாறு விழுகிறது என்பதைப் பற்றி ஒரு தனி நூலும் எழுதினார். ‘காமிரா’ என்ற சொல்லே அறையைக் குறிப்பது. ஒளிப்படக் கருவியின் மூதாதை அவ்விருட்டறைதான்.

உருவத்தை விழச் செய்வது ஒன்று. அதனைப் பதித்து வைப்பது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளிப்படக்கலை பிறந்த பின்னரும், மங்கிய விண்முகில்கள் அதன் பிடிக்கு எட்டவில்லை. ஈரத் தகடு விரைவில் உலர்ந்துவிடும். நெடுநேரம் திறந்து வைக்க இயலாது. உலர் தகடு வந்தபின் நிலை மாறியது. 1880 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர் ஒரியன் விண்முகிலை 51 நிமிடங்கள் தகட்டில் பதித்தார். விண்முகில் ஒன்றன் முதல் ஒளிப்படம் அது.

அதன்பின் சுரையாவின் முறை வந்தது. அதன் விண்மீன்களுள் ஒன்றைச் சுற்றி ஒரு மங்கிய புகைப்படலம் தெரிவதாக 1859-ல் டெம்பெல் என்பவர் கூறியிருந்தார். வேறு சிலர் கண்ணுக்கு அது தெரியவில்லை, ஐயுற்றோர் பலர். 1885-ல் பாரிசில் ஹென்றி உடன்பிறந்தார் எடுத்த படத்தில் மற்றொரு விண்மீனைச் சுற்றியும் முகில் தோன்றியது. தொடர்ந்து இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படங்களில், கூட்டம் முழுவதையும் அத்திரை தழுவி நிற்பது தெளிவாயிற்று. கண்ணால் தீராத வழக்கைத் தகடு தீர்த்து வைத்தது.

கண்ணுக்கும் தகட்டுக்கும் உள்ள வேறுபாடு எளியது. கண் ஒவ்வொரு நொடியும் பெற்ற ஒளியை அடுத்த நொடிக்கென்று சேமிப்பதில்லை. தகடோ, சிறுசேமிப்புச் செய்யும் இல்லத்தரசி போலத் துளித்துளியாகச் சேர்த்து வைக்கிறது. மணிக்கணக்கில் சேர்ந்த ஒளி இறுதியில் உருவமாகிறது.

அத்திரை எதனால் ஆனது என்பதை 1912-ல் வெஸ்டோ சிலிஃபர் கண்டறிந்தார். அதன் ஒளியைப் பகுத்துப் பார்த்தபோது, விண்மீனின் ஒளி எவ்வாறு இருந்ததோ அவ்வாறே முகிலின் ஒளியும் இருந்தது. ஆகவே அதற்குச் சொந்த ஒளி இல்லை. விண்மீன் ஒளியைச் சிதறச் செய்யும் தூசி அது என்பது புலனாயிற்று. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சுரையா, தன் வழியில் குறுக்கிட்ட ஒரு தூசி முகிலின் ஊடே இப்போது சென்றுகொண்டிருக்கிறது என்பர் ஆய்வாளர். நாம் இன்று படம்பிடிக்கும் அந்த நீல ஒளி, அக்பர் ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது.

ஒளிரும் தூசியேயன்றி, ஒளியை மறைக்கும் தூசியும் உண்டு. பால்வீதியின் நடுவே ஆங்காங்கே விண்மீனற்ற கரிய பகுதிகளைக் கண்ட பழைய வானநூலார், அவை வானத்தின் வெற்றிடங்கள் என எண்ணினர். அமெரிக்கரான எட்வர்டு பர்னார்டு அகன்ற வில்லை பொருத்திய கருவிகளால் அவற்றை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்தார். 1919-ல் 182 கரும்பகுதிகளைப் பட்டியலிட்டார். அவற்றுட் பல, பின்னுள்ள விண்மீன்களை மறைத்து நிற்கும் தூசி முகில்களே. விண்வெளியெங்கும் தூசி பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்பதை 1930-ல் டிரம்ப்ளர் நிறுவினார்.

நுங்கம்பாக்கத்து வானம்

இனிச் சென்னைக்கு வருவோம். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அதன் நினைவாக நிற்கும் கருங்கற் கம்பத்தில் தமிழோடு அரபு-பாரசீக எழுத்திலும் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. டெய்லர் என்பார் அங்கிருந்து 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து 1844-ல் பட்டியல் வெளியிட்டார். 1861-ல் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ஏஷியா எனப் பெயரிட்டார். அவரது உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-ல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோது அதனை விளக்கும் சிறுநூலை உருது முதலிய மொழிகளிலும் வரச் செய்தார்.

அன்றைய நுங்கம்பாக்கத்துக்குத் தெற்கே இன்றைய தியாகராய நகர் இல்லை. அங்கே நீண்டதோர் ஏரி பரந்து கிடந்தது. 1920-களில் அதன் நீரை வடித்து, மனைகள் பிரித்து, நகர் அமைத்தனர். 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக விளங்கிய சர் முஹம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய சாலை, இன்று நள்ளிரவிலும் பகல்போல் ஒளிர்கிறது. ஏரிநீரில் விண்மீன்கள் பிரதிபலித்த இடத்தில் இன்று விளம்பரப் பலகைகள் மின்னுகின்றன. வாணிகம் வளர்ந்தது மகிழ்ச்சிக்குரியதே. அதற்கு நாம் கொடுத்த விலைகளுள் ஒன்று வானம் என்பதை மறத்தலாகாது.

நுங்கம்பாக்கத்து வானாய்வுப் பணி 1899-ல் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. அப்போது நோக்கம் கதிரவனை ஆராய்வதற்கேற்ற தெளிந்த மலைவானைப் பெறுவது. இரவு வானுக்கு வேறோர் இடம் தேட வேண்டியிருந்தது.

ஹைதராபாத்திலிருந்து ஜவ்வாது மலை

இடையில் ஹைதராபாத்தில் ஒரு பெரும்பணி நடந்தது. நவாப் ஸஃபர் ஜங் என்னும் செல்வந்தர், வானியலில் கொண்ட காதலால் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வருவித்து, 1901-ல் நிஜாமியா வானாய்வகத்தை நிறுவினார். 1907-ல் அவர் மறைந்தபின் நிஜாமின் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. வானம் முழுவதையும் தகடுகளில் பதிப்பது என 1887-ல் பாரிசில் உலக வானநூலார் ஒரு திட்டம் வகுத்திருந்தனர். அதில் தென்வானின் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டை ஹைதராபாத்தின் பங்காயிற்று. உலகின் பெரும் வானாய்வகங்களோடு தோளோடு தோள் நின்று, நிஜாமியாவின் பணியாளர்கள் இரவிரவாகத் தகடுகளை ஒளிகாட்டி அளந்தனர்.

அவ்வானாய்வகத்தில் பணியாற்றிய ஒருவரின் மகன் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்த அவர், ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு சென்றார். 1949-ல் அங்கு அவர் எடுத்த வான்படத்தில் ஒரு புதிய வால்மீன் தென்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர்களுள் பாப்புவும் ஒன்று. அவருடைய ஆசிரியரான பார்ட் பாக் மற்றொன்று. அந்தப் பாக்தான், சிறிய கரிய தூசித் திரள்களைப் படங்களில் கண்டு, அவை புது விண்மீன்கள் பிறக்கும் தொட்டில்களாகலாம் என 1947-ல் எடுத்துரைத்தவர்.

நாடு திரும்பி 1960-ல் கோடைக்கானலின் பொறுப்பேற்ற பாப்பு, இரவு வானுக்கேற்ற இடத்தைத் தேடலானார். தேடல் முடிந்த இடம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். தோல் பதனிடும் தொழிலாலும் 1919-ல் தோன்றிய இஸ்லாமியா கல்லூரியாலும் நம்மவர் நன்கறிந்த வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே அங்குச் செல்லலாம். ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த அவ்விடத்தில் 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1982-ல் பாப்பு காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இருளுக்கு மாற்று இல்லை

இன்று தகடு இல்லை. மின்னணு உணர்பலகை அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. தொழிலால் வேறு பணிகளில் உள்ள ஆர்வலர்களும், சிறு தொலைநோக்கியையும் ஒளிப்படக் கருவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரை விட்டு நெடுந்தொலைவு செல்கின்றனர். பிறை பார்க்க நாம் மாடியேறும் நாளை ஒட்டிய நிலவற்ற இரவுகளே அவர்களுக்கு உகந்தவை. வடதிசையில் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில் நிற்கும் துருவ மீனை நோக்கித் தாங்கியின் அச்சைப் பொருத்துகின்றனர். பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கருவி மெல்லத் திரும்புகிறது. சில நிமிடப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, பின்னர் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். வில்லையில் பனி படியாமலிருக்க இளஞ்சூட்டுப் பட்டை சுற்றுகின்றனர். உணர்பலகையின் மேல் ஒட்டிய வீட்டுத் தூசியின் நிழல், விண்தூசியைப் போலவே தோன்றி ஏமாற்றும். அதனைக் கழிக்கவும் சீரான ஒளியில் தனியே படமெடுக்கின்றனர்.

நகரிலிருந்தே இதனைச் செய்யலாகாதோ என்று வாசகர் கேட்கலாம். ஒரியன் போன்ற வாயு முகில்கள், குறிப்பிட்ட சில நிறங்களிலேயே ஒளிர்பவை. அந்நிறங்களை மட்டும் விடும் வடிகண்ணாடியைப் பொருத்தி, அடையாற்று மாடியிலிருந்தும் அவற்றை ஓரளவு பிடித்துவிடலாம். தூசி முகிலின் நிலை வேறு. அது காட்டுவது இரவல் வாங்கிய விண்மீன் ஒளி. எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கின் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அதனையும் சேர்த்தே தடுத்துவிடும். கணக்கும் நகருக்கு எதிராகவே நிற்கிறது. காரிருள் வானில் நான்கு மணி நேரத்தில் கிட்டும் படத்தை, பத்து மடங்கு வெளிச்சமான வானில் பெற நாற்பது மணி நேரம் வேண்டும். செல்வத்தால் வாங்கிய எக்கருவியும் இங்கு இருளுக்கு ஈடாவதில்லை.

அவ்விருளைக் காக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயில் இந்திய வானாய்வகம் ஒன்று இயங்குகிறது. 2022 டிசம்பரில் அதன் சுற்றுப்புறம் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் விளக்குகளுக்கு மறைப்பிட்டு, சன்னல்களுக்குத் திரையிட்டு, வானைக் காணவரும் பயணிகளுக்கு வழிகாட்டிப் பொருளும் ஈட்டுகின்றனர்.

சென்னை ஹான்லே ஆகப் போவதில்லை. ஆயினும் நம் வீட்டு மாடியிலும் கடை முகப்பிலும் திருமண மண்டபத்திலும் எரியும் விளக்குகள் தரையை நோக்கி ஒளிரட்டும். தேவை முடிந்ததும் அணையட்டும். வானத்துக்கு வெளிச்சம் காட்டுவதால் எவர்க்கும் பயனில்லை. மின்கட்டணம் மட்டுமே மிகும். வாணியம்பாடியில் உறவினர் உடையோர், குளிர்கால விடுமுறையில் நிலவற்ற ஓரிரவில் பிள்ளைகளை மலைப்பக்கம் அழைத்துச் செல்லலாம். சுரையா எனப் பெயரிட்ட மகள் அங்கே தன் பெயரைத் தானே வானில் படித்துக்கொள்வாள்.