தயிர்ச் சட்டி கடந்த துறை

மட்டக்களப்பில் தமிழர் - முஸ்லிம் உறவைப் பற்றிப் பேச எழும் எவரும் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்றுதான் தொடங்குவார்கள். மேடைகளில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பிட்டும் பூவும் ஒரே குழலுக்குள் கிடப்பவை. தயிரோ வாவியைக் கடந்து வரவேண்டியிருந்தது. ஆகவே தயிர்ச் சட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரை 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அவர்கள் எதை உண்டார்கள் என்று பாடநூல் சொல்வதில்லை, நிலம் சொல்கிறது. எழுவான்கரையில் கடலும் மணலும் தென்னையும். அந்தத் தென்னையில் இறக்கும் கள் எங்கள் வீட்டுப் படி ஏறாது, தேங்காய் ஏறும். மீனும் இறாலும் நண்டும் கைக்கெட்டும் தூரத்தில். வயலும் மேய்ச்சல் தரையும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். முஸ்லிம் போடிமாருக்கும் அங்கே காணிகள் இருந்தன. சூடு மிதித்த எருமைகளே பாலும் தந்தன; பட்டிகளைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

காய்ச்சிய பாலை இளஞ்சூட்டில் உறையிட்டு மண்சட்டியில் ஊற்றிவைப்பார்கள். சட்டி நீரை உறிஞ்ச, தயிர் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகும். அது மண்முனைத் துறையில், நாங்கள் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறிவரும். நோன்பு காலத்தில் சகருக்குச் சோறும் தயிரும் வாழைப்பழமுமே போதும் என்பார் மூத்தம்மா. தயிர்க்கார அண்ணனுக்கு எங்கள் வீட்டுக் கணக்கு மனப்பாடம். பெருநாளன்று அவர் வட்டிலப்பம் சாப்பிடாமல் திரும்பியதில்லை.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். எனக்கு அப்போது பத்து வயது. தயிர் நின்றுபோனது எனக்கு விளங்கியது, மற்றது விளங்கவில்லை. வாப்பா வயலுக்குப் போவதும் நின்றது. அடுத்து வந்த நோன்புக்கு உம்மா பால்மாவில் தயிர் உறையவைத்துப் பார்த்தார். அது தண்ணீராகவே கிடந்தது.

2007இல் படுவான்கரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது; அந்தத் துறையில் பாதைக்கு வேலையில்லாமல் போயிற்று. பாலம் திறந்த வருடம் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் தயிர் கொண்டுவந்தார். பழைய அண்ணனின் மகனா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. வாப்பா சட்டி விளிம்பில் ஒட்டியிருந்த ஆடையை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

“எருமைப் பால்தான்” என்றார். “நாளைக்கும் ஒன்று கொண்டு வாங்க தம்பி.”