நிகண்டும் பழவேற்காடும்: சொற்கள் கூட்டமாக வந்த கதை

ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்களில் பழங்கள், விலங்குகள், சமையலறைப் பொருட்கள் என்று சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தருவார்கள். இது மேல்நாட்டார் கண்டுபிடித்த முறை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தமிழில் இதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமை உண்டு. அதன் பெயர் நிகண்டு.

கிடைத்துள்ள நிகண்டுகளில் மிகப் பழையது திவாகரம். இதில் 12 தொகுதிகள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருள் வாரியாக அவை போகும். பின்னர் பிங்கலமும், 16-ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் வந்தன. சூடாமணி விருத்தப்பாவில் அமைந்ததால் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். கடல் என்றால் ஆழி, பரவை, பௌவம், முந்நீர் என்று அடுக்கடுக்காக வரும்.

அச்சுப் புத்தகம் அரிதான காலத்தில் இதுதான் வசதி. அகர வரிசை தேடுவதற்கு நல்லது; மனதில் ஏற்றுவதற்கு அல்ல. 1594-இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்தது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தந்தார். அவரும்கூட நான்கு பகுதிகளில் ஒன்றைத் தொகைச் சொற்களுக்கென்றே ஒதுக்கினார்.

நிகண்டு, ஏற்கெனவே தமிழ் பேசுகிற பிள்ளைக்கு எழுதப்பட்டது. அந்நிய மொழியை மக்கள் எப்படிக் கற்றார்கள்? இதற்குப் பழவேற்காடு ஒரு நல்ல பாடம்.

டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். ஏற்றுமதியில் முதன்மையானது துணி. 1632 முதல் அங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்து சமயத்தைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651-இல் அது லெய்டனில் வெளிவந்தது. ஒரு டச்சுக்காரரும் ஒரு பிராமணரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? போர்த்துகீசிய மொழியில்! அதுதான் அன்று கடற்கரையின் வியாபார மொழி.

அந்த மொழி தமிழில் விட்டுச்சென்ற சொற்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவை வீட்டோடு வந்தவை. பீப்பாய், ஏலம் ஆகியவை வியாபாரத்தோடு வந்தவை. அன்னாசியும் கொய்யாவும் பழத்தோடு வந்தவை. யாரும் இவற்றைப் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. வேலை வந்தது, அதனோடு சொற்களும் கூட்டமாக வந்தன.

இதை ஒட்டிய ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 1997-இல் தாமஸ் டிங்கம் என்பவர் புனைந்த சொற்களைக் கொடுத்துச் சோதித்தார். ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் கற்பவர் குழம்புகிறார். ஒரே நிகழ்ச்சியில் வரும் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் எளிதில் கற்கிறார் என்று கண்டார். அதாவது பத்து மீன்களின் பெயரை ஒரே நாளில் ஆங்கிலத்தில் படித்தால் எது எதுவென்று மாறிப்போகும். வலை, படகு, இறால், எடை, ஏலம் என்று படித்தால் நிற்கும்.

இங்கேதான் பழவேற்காட்டு மீனவக் கிராமங்களின் நினைவு வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த முறைக்கு யார் வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இடம், நாள், உரிமை, நியாயம் எல்லாம் அடக்கம். ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் கிடையாது. எஞ்சின், டீசல், ஐஸ், ஏஜெண்ட், எக்ஸ்போர்ட் ஆகிய சொற்களோ தொழிலோடு வந்து மீனவர் வாயில் எப்போதோ குடியேறிவிட்டன.

அப்படியிருக்க அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, பனிமனிதன் என்று பாடத்தைத் தொடங்குவானேன்? வலை போடுவதில் தொடங்கி, எடை போட்டு, ஏலம் விட்டு, கடனுக்கு வட்டி கட்டுவது வரை ஒரு நாளைச் சொல்லவைத்தால் நாற்பது ஐம்பது ஆங்கிலச் சொற்கள் தானே வந்து சேரும். எடைக் கணக்கும் வட்டிக் கணக்கும் ஆங்கிலத்தில் புரிந்தால், நாளைக்கு ஏற்றுமதி ஏஜெண்டின் பில்லை அந்தப் பிள்ளையே படித்துப் பார்க்கும். தன் அப்பாவுக்குச் சேரவேண்டிய தொகை சரிதானா என்று கேட்கும்.

நிகண்டு சொற்களைத் தொகுக்கக் கற்றுத்தந்தது. எதைச் சுற்றித் தொகுப்பது என்பதைக் கடற்கரை கற்றுத்தருகிறது. இரண்டையும் சேர்த்தால் நல்ல பாடப்புத்தகம் கிடைக்கும்.