முக்கோணத்துக்கு வெளியே விழுந்தவர்கள்

மேலாண்மைப் பாடநூல்களில் ஒரு முக்கோணம் உண்டு. வேலையின் அளவு, செலவு, காலம் என்று மூன்று பக்கங்கள். காலத்தைக் குறைத்தால் செலவைக் கூட்டணும். இல்லையென்றால் வேலையைக் குறைக்கணும். மூன்றையுமே அதிகாரம் மேலிருந்து நிர்ணயித்துவிட்டால்? சோவியத் வரலாற்றில் இதற்கொரு பதில் கிடக்கிறது.

வெண்கடல்–பால்டிக் கால்வாய். 1931இல் வேலை தொடங்கி 1933 ஆகஸ்டில் திறந்தாச்சு. 227 கிலோமீட்டர். கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் மதகுகள் 19. கெடு 20 மாதம். வெளிநாட்டு இயந்திரம் வாங்கப் பணமில்லை. ஆக, கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி. இரும்புக்கும் சிமெண்டுக்கும் பதில் பெரும்பாலும் மரம். ரகசியப் போலீசின் பொறுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள். ஒதுக்கிய வேலையை முடித்தவனுக்கே முழு ரொட்டி. குறைச்சலாய்த் தின்றவன் மறுநாள் இன்னும் குறைச்சலாய்த்தானே தோண்டுவான்? பதிவான சாவுகளே சுமார் 12,000.

கெடு தப்பவில்லை. ஆழம்தான் தப்பியது, சுமார் மூன்றரை மீட்டர். பெரிய கடற்கப்பல்கள் போகமுடியாது. வேலையின் அளவு சுருங்கியதை வெற்றி முழக்கம் மூடிவிட்டது. செத்த உடம்புகளோ செலவுக் கணக்கில் ஏறவேயில்லை.

என்னை அதிகம் உறுத்துவது எழுத்தாளர்களின் பங்கு. திறப்பையொட்டி 120 எழுத்தாளர்களைக் கால்வாய்க்குக் கூட்டிப்போனார்கள். கார்க்கியும் வேறு இருவரும் தொகுக்க, 36 பேர் எழுதிய புத்தகம் 1934 தொடக்கத்தில், கட்சி மாநாட்டுக்குள் தயாராகிவிட்டது. அதுவும் கெடுவுக்குள் முடிந்த திட்டம்தான்! குற்றவாளிகள் உழைப்பால் புதுமனிதர்களாக வார்க்கப்பட்டார்கள் என்பது அதன் கதையாடல். எழுதியவர்களில் ஷ்க்லோவ்ஸ்கியும் உண்டு. பழகிப்போனதை அந்நியமாக்கிக் காட்டுவதே கலை என்று நமக்குச் சொல்லித்தந்தவர். அவருடைய அண்ணன் அங்கே கைதி. அச்சமும் பாசமும் சேர்ந்து எழுதவைத்திருக்கும். அவரைக் கூண்டிலேற்றுவது என் நோக்கமில்லை. 1937இல் அந்தப் பிரதியையே அரசு விலக்கிக்கொண்டது. கார்க்கி 1936லேயே இறந்துபோயிருந்தார். மற்ற இரு தொகுப்பாசிரியர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கணக்கை மறைக்க உதவியவர்களும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டார்கள்.

இதெல்லாம் ஸ்டாலினோடு போச்சு என்று முதலாளிய மேலாண்மை தப்பிக்க முடியாது. மலிவான உடம்பு கிடைக்கிற இடத்திலெல்லாம் முக்கோணம் கச்சிதமாகத்தான் தெரியும். 'குறித்த நாளில், குறித்த செலவில் முடிந்தது' என்ற வாக்கியத்தை எங்கே படித்தாலும், கணக்கில் ஏறாதவர் யாருன்னு கேளுங்க. நாம் எழுதுகிறவர்கள் என்றால், அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன்னாலேயே கேட்கணும்.